ஒரு மெத்தை, இரண்டு ஷிப்டு

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் மெடிக்கல் ரூமில் எனக்குப் பிறகு வந்த பார்மசிஸ்ட் அவள். “சார், மருந்து பீரோ சாவி எங்கீங்க சார் வெச்சுட்டுப் போனீங்க?” என்றாள். என் பேண்ட் பையில்தான் இருந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, கடிகாரம் கொடுத்து அனுப்புகிற அவசரத்தில் ஓய்வு பெறுகிறவனின் பையை யாரும் சோதிப்பதில்லை.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் சும்மா இருந்திருக்கலாம். இன்னொன்றும் கேட்டுவிட்டாள்.

“இப்பெல்லாம் டாக்டர் வீடியோவுலதானுங்க சார் பாக்கறாங்க. கையக் காட்டுன்னா பசங்க மூஞ்சியக் காட்டறாங்க. அதுக்கு முன்னாடி தலை வேற சீவிக்கறாங்க. அரிப்புன்னு வந்தா நீங்கெல்லாம் என்னதான் கேப்பீங்க?”

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்பது, அணை மதகுக்குக் கீழே தம்ளரைப் பிடிப்பது மாதிரி. அவளுடைய சாப்பாட்டு நேரம் முடிந்தும் நான் முடிக்கவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இங்கே யாரும் மணி பார்க்க முடியாது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோயமுத்தூரில் பார்மசி டிப்ளமோ. வாத்தியார்கள் இதயம், ஈரல், சிறுநீரகம் என்று உயர்குடி உறுப்புகளாக நடத்திக்கொண்டு வந்தார்கள். தோலுக்கு வருவதற்குள் வருஷம் முடிந்துவிட்டது. அப்புறம் வீரபாண்டியில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். வந்தவர்களில் பாதிப்பேருக்கு அரிப்பு. நடத்தாமல் விட்ட பாடத்திலேயே என் ஆயுள் முழுக்கப் பரீட்சை எழுதினேன். கம்பெனிக்கு வந்தபின் பையன்கள் எனக்கு ‘களிம்பு சார்’ என்று பேர் வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட எங்கள் வீதியில் நின்று, “களிம்பு சார் ஊடு எதுங்க?” என்று கேட்டுத்தான் வந்தார்கள்.

நம் இலக்கியத்தில் தோலுக்கு வரும் நோய்களில் மரியாதையானது பசலை ஒன்றுதான். தலைவன் பிரிந்தால் வரும், தலைவன் வந்தால் போகும், கடைக்குப் போக வேண்டாம். ‘தோழி, எனக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை’ என்று ஒரு தலைவியும் சொன்னதாக நான் படித்ததில்லை. வியர்வையும் நீராவியும் பஞ்சுத்தூசியும் ஒன்றாகச் சேர்ந்த ஊரில் அந்தத் தலைவிகளை ஒரு மாதம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார வைத்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் ஆட்களின் விசேஷம் என்னவென்றால், மெடிக்கல் ரூமுக்கு வருவதற்கு முன் ஒவ்வொருவனும் தன் டிபார்ட்மெண்டிலேயே வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருவான். துணி பின்னுகிற நிட்டிங் ஹாலில் இருப்பவன் மெஷின் ஊசிக்கு விடுகிற எண்ணெயைப் பூசியிருப்பான். “துணியிலயே கறை புடிக்காத ஆயிலுங்க சார். தோலுல என்ன புடிக்கப் போகுது?” அயர்ன் மாஸ்டர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் நீராவி அடித்துக்கொள்வார்கள். கறை எடுக்கும் பிரிவில் ஒருவன், துணிக்கறைக்கு மருந்து அடிக்கிற துப்பாக்கியைத் தன் வயிற்றிலிருந்த படர்தாமரை மேல் அடித்துவிட்டு வந்தான். “இதுவும் கறைதானுங்களே சார்?” என்றான். கறை அப்படியே இருந்தது. தோல்தான் போயிருந்தது.

இது போக வீட்டு வைத்தியம். குப்பைமேனி இலையை உப்பு வைத்து அரைத்தது, வேப்பிலை மஞ்சள், கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய். மூன்றையும் ஒரே நாளில் பூசிக்கொண்டு ஒருவர் வருவார். வாசலில் வரும்போதே சாமி புறப்பாடு மாதிரி மணக்கும். இவற்றையெல்லாம்கூட மன்னிக்கலாம். மன்னிக்கவே முடியாதது, நாலு மருந்தை ஒன்றாய்க் கலந்து அடைத்து விற்கிற அந்த டியூப். போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிடும். வட்டம் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பெரிதாகும். விட்டால் இரட்டிப்பாக அரிக்கும், மறுபடி டியூப்.

அந்த டியூப்பைக் கண்டால் எங்கள் டாக்டரம்மாவுக்கு ஆகாது. பேர் ராஜலட்சுமி. அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, வாரத்துக்கு இரண்டு நாள் அவிநாசியிலிருந்து எங்களுக்காகப் பஸ்ஸில் வருவார். அரசாங்கத்தின் ஸ்டெதஸ்கோப்பை ஒப்படைத்துவிட்டுக் கோபத்தை மட்டும் ஒப்படைக்க மறந்து கொண்டுவந்திருந்தார். டியூப்போடு வந்தவன் அதைத் தன் கையாலேயே குப்பைக்கூடையில் போட வேண்டும். போட்ட பிறகுதான் நாற்காலி. போட மனசில்லாமல் ஒருவன், “இன்னும் பாதி இருக்குங்க டாக்டரம்மா” என்றான். “உன்ற தோலும் இன்னும் பாதி இருக்குது. எது வேணும்?” என்றார்.

‘உனக்கு என்ன?’ என்று அவர் கேட்க மாட்டார். “கைய வை” என்பார். இரண்டு கையையும் விரல் விரித்து மேசைமேல் வைக்க வேண்டும். கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, சுண்டுவிரல் இடுக்கிலிருந்து கட்டைவிரல் வரை பஸ்ஸுக்கு நேரமாகாதவர் போல நகர்த்துவார். பிறகு மணிக்கட்டு, முழங்கை, அக்குள் மடிப்பு, தொப்புள், இடுப்பு. அவர் தேடுவது பென்சிலால் லேசாகக் கிழித்த மாதிரி ஒரு சாம்பல் நிறக் கோடு. ஒரு நெல் நீளம் தேறினால் அதிகம். கோட்டின் முனையில் பூச்சி உட்கார்ந்திருக்கும். எட்டுக் கால், சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம், வெறும் கண்ணுக்குச் சிக்காது. தோலுக்குள் சுரங்கம் தோண்டி, முட்டை வைத்துக்கொண்டே போகும். அதுதான் சொறி.

பாதிப்பேர் அவர் கைரேகை பார்க்கிறார் என்றே நினைத்தார்கள். ஒரு டெய்லர் பவ்யமாக, “கல்யாணம் எப்பங்க ஆகும்?” என்று கேட்டே விட்டான்.

“ஆகும். அதுக்கு முன்னாடி உன்ற ரூம்ல இருக்கற அத்தனை பேரும் மருந்து போடோணும்” என்றார் டாக்டரம்மா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கையைப் பார்த்தபடியே இரண்டு கேள்வி. “ராத்திரி அரிக்குதா, பகலா?” “உனக்கு மட்டுமா, ரூமுக்கேவா?” ராத்திரி, ரூமுக்கே என்றால் பெரும்பாலும் சொறி. பகல், எனக்கு மட்டும் என்றால் வெயில், வியர்வை, சாயம் என்று ஏதோ ஒன்று. அதற்குக் கலமைன் லோஷன், ஒரு மாத்திரை, அவ்வளவுதான். இந்த இரண்டு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியின் தோலையே நிர்வாகம் செய்தோம். எனக்கு அதில் ஏகப் பெருமை. அந்தப் பெருமைக்கு அடி கொடுக்க வந்தவன்தான் திலீப்.

திலீப் ஒடிசாக்காரன். முதல் யூனிட்டில் பகல் ஷிப்டு நிட்டிங் ஆபரேட்டர். தமிழை மெஷின் ஹாலில் கற்றுக்கொண்டதால் ‘ங்க’ போடாமல் எச்சில்கூட விழுங்க மாட்டான். ஊரில் அவன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவன் இன்னும் பார்க்கவில்லை. பங்குனி முடிந்து இரண்டு பேரும் ரயிலில் வருவதாக ஏற்பாடு. லைன் வீடு ஒன்று பிடித்து, தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கிகூட மாட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்து விரலிடுக்கில் அரிப்பு.

டாக்டரம்மா கோட்டைக் கண்டுபிடித்தார். அவன் போனை எடுத்துக் குழந்தையின் படத்தைக் காட்டினான்.

“புள்ளையத் தூக்கலாமுங்களா?”

“இந்தக் கையோட தூக்காத கண்ணு. புள்ளைக்கும் ஒட்டிக்கும். நல்லாயிட்டுத் தூக்கு.”

அன்றிலிருந்து திலீப் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். நிட்டிங் ஹாலில் அவன் வருவதைப் பார்த்தால் ஹெட்மாஸ்டர் ரவுண்ட்ஸ் வருகிற மாதிரி இருக்கும்.

பெர்மெத்ரின் லோஷனை எப்படிப் பூச வேண்டும் என்று விளக்குவது என் இலாகா. கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடக்கூடாது. விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், உள்ளங்கால், எல்லாம். சாயங்காலம் குளித்துத் துவட்டிப் பூசினால் காலையில்தான் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. நான் வெறும் கையால் சட்டைமேலேயே தடவித் தடவி அபிநயம் பிடிப்பேன். ஜன்னல் வழியே பார்த்த செக்கிங் பெண்கள் நான் நடனம் பழகுவதாக வெகுநாள் நம்பினார்கள். திலீப் சொன்னபடி செய்தான், ரூமில் இருந்த பகல் ஷிப்டுக்காரர்கள் அத்தனை பேரும் செய்தார்கள். துணியை வெந்நீரில் அலசினார்கள். வாரம் கழித்து மறுதடவையும் பூசினார்கள்.

கொஞ்ச நாளில் மறுபடி வந்து கையை வைத்தான். டாக்டரம்மா கண்ணாடியை நகர்த்தியவர் நிறுத்தினார். புதுக் கோடு.

இதற்குள் எச்.ஆர். சம்பத்துக்கு விஷயம் போய்விட்டது. எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். ஆளை மாற்றுவது.

“அந்தப் பையனுக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுறலாமுங்க டாக்டரம்மா. அவன்கிட்ட இருந்துதான் ரூம் பூராப் பரவுது.”

“போட்டா ரயில் பூராப் பரவும். பரவாயில்லீங்களா?”

சம்பத் மாதக் கடைசி வரை தவணை கொடுத்துவிட்டுப் போனார். கதவோரம் நின்ற திலீப் என்னைப் பார்த்தான். “என்னைய அனுப்பிட்டா, அவங்க இங்க வந்து எறங்கி யாரைப் பாக்கறதுங்க சார்?” என்றான். கை பின்னால் கட்டியபடியே இருந்தது. நான் பீரோவைத் திறந்தேன், மூடினேன். 

டாக்டரம்மா அவனை மறுபடி உட்கார வைத்தார்.

“மருந்து ஒழுங்காப் போட்டியா?”

“போட்டனுங்க.”

“உன்ற மெத்தையில யாரு படுக்கறா?”

“நான்தானுங்க.”

“நீ வேலைக்கு வந்தப்புறம்?”

திலீப் யோசித்தான். “நைட் ஷிப்டு ஆளுங்க. ரெண்டாவது யூனிட்டு. பேரு தெரியாதுங்க. பாத்ததே இல்லீங்க.”

“பாத்ததே இல்லையா?”

“நான் வர்றதுக்குள்ள அவங்க போயிருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள நான் போயிருவன். மெத்தை மட்டும் சூடா இருக்குமுங்க. நல்ல ஆளுதானுங்க. தலகாணிக்கடியில முறுக்கு வெச்சுட்டுப் போவாரு. நான் பிஸ்கட்டு வெச்சுட்டு வருவன்.”

மெஷின்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற ஊரில் மெத்தையும் ஓய்வெடுப்பதில்லை என்பது எங்கள் இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது. “அந்த முறுக்குக்காரனைப் பாத்துட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா என்னிடம்.

மத்தியானம் அவர்கள் ரூம் இருந்த கம்பெனி ஹாஸ்டலுக்குப் போனேன். ஜன்னலோரம் திலீப்பின் மெத்தையில் ஒருவன் தூங்கிக்கொண்டே சொறிந்துகொண்டிருந்தான். எழுப்பாமலே ஆளைத் தெரிந்தது. உடம்பெல்லாம் ரோஸ் நிறத்தில் கலமைன் லோஷன் காய்ந்து, பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கிடந்தான். நான் கொடுத்த லோஷன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாண்டி. முந்தின மாதம் நைட் ஷிப்டு முடிந்த கையோடு டாக்டரம்மாவிடம் வந்து, கண்ணாடியில் கோடு எதுவும் சிக்காமல் போனவன்.

தட்டி எழுப்பிக் கேட்டேன். “ஏப்பா, டாக்டரம்மா ராத்திரி அரிக்குதான்னு கேட்டப்ப நீ இல்லைன்னுதானே சொன்னே?”

“ஆமா சார். ராத்திரி ஏது அரிப்பு? மெஷினு ஓடிக்கிட்டிருக்கு, நூலு அந்துக்கிட்டிருக்கு, அப்பச் சொறிய எங்கிட்டு நேரம்? பகல்ல படுத்தாத்தேன் சார் அரிக்குது.”

அவன் பொய்யே சொல்லவில்லை. இந்தப் பூச்சிக்குக் கடிகாரம் தெரியாது. படுத்த உடம்பின் கதகதப்புத்தான் தெரியும். அவனுக்கு விடிந்தால்தான் ராத்திரி.

போய்ச் சொன்னேன். டாக்டரம்மா பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். திட்டப் போகிறார் என்று நான் பீரோவின் பக்கம் ஒதுங்கினேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். மேசை ஆடும் அளவுக்குச் சிரித்தார். “இத்தனை வருசமா நைட் ஷிப்டுக்காரன்கிட்டப் போய் ராத்திரி அரிக்குதான்னு கேட்டுட்டு இருந்திருக்கறனுங்களே!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கேள்வி மாறியது. “படுத்தா அரிக்குதா?” நந்தினி கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரி இதுதான்.

ஆனால் கேள்வியைத் திருத்தினால் போதுமா? இரண்டு ஷிப்டும் ஒரே நேரத்தில் மருந்து போட்டாக வேண்டும். ஒரே நேரம் என்றால் மெஷின் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட நிற்காத அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் முதலாளியிடம் போய் மெஷினை நிறுத்துங்கள் என்பது, மூச்சை நிறுத்துங்கள் என்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

முதலாளி ஜாபர் பாய் பொறுமையாகக் கேட்டார். வியாபாரி அல்லவா, பேரத்தில் இறங்கினார்.

“பாதி மெஷினை நிறுத்தினாப் போதாதுங்களா டாக்டரம்மா?”

“பாதிச் சொறி போனாப் போதுமுங்களா பாய்?”

பாய் கூரையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்தத் திசையிலிருந்தும் உதவி வரவில்லை. “சனிக்கிழமை சாயந்திரம் நிறுத்தி ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஓட்டலாமுங்க. மெஷின் சர்வீஸையும் சேத்து முடிச்சுக்கறன்” என்றார். ஆக, மெஷினுக்கும் மருந்து.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் தனியாகச் சிரிப்பேன். மெஷின் ஓசை நின்றதும் நெருப்பெரிச்சலே செவிடாகிவிட்ட மாதிரி இருந்தது. பேக்கிங் ஆட்கள் வந்து மெத்தைகளையெல்லாம் துணி ரோல் சுற்றுகிற பாலிதீனில் கட்டினார்கள். காற்றுப் புகாமல் ஒரு வாரம் கட்டி வைத்தால் உள்ளே இருப்பது செத்துவிடும். கட்டச் சொன்னது மட்டும்தான் நான். அவர்கள் பழக்கதோஷத்தில் ஸ்டிக்கரும் ஒட்டி, சைஸ் வாரியாக அடுக்கியும் விட்டார்கள். ஒரு லாரிக்காரர் வந்து, “லோடு தூத்துக்குடிக்குங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு ஷிப்டும் முதல் தடவையாக ஒரே நேரத்தில் ஹாஸ்டலில் இருந்தது. மொட்டைமாடி முழுக்க, இடுப்பில் துண்டோடு, கழுத்திலிருந்து கால் வரை பளபளவென்று ஆட்கள். ஒருவரை ஒருவர் தொட்டால் மருந்து அழியும் என்று நான் கத்தியிருந்ததால் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி, பூசி நிறுத்திய பொம்மைகள் மாதிரி நின்றார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, “முதுகு! நகத்தடி! ஏப்பா, தொப்புளை யாரு பாக்கறது?” என்று நாட்டாமை செய்துகொண்டிருந்தேன்.

பாண்டி திலீப்பின் எதிரே வந்து நின்றான்.

“நீதானா அந்த பிஸ்கட்டு?”

“நீங்கதானுங்களா முறுக்கு?”

கட்டிக்கொள்ள முன்னால் வந்தவர்கள் என் குரல் கேட்டு நின்றார்கள். தள்ளி நின்றே ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டார்கள். “முறுக்கு ரொம்பக் காரமுங்க. நாக்கு எரிஞ்சுபோச்சு” என்றான் திலீப். “இத்தனை நாளா எங்கிட்டுப் போயிச் சொல்றது? மெத்தைகிட்டயா?” என்றான் பாண்டி. மாடியே சிரித்தது. எல்லோரும் போனபிறகு எச்.ஆர். சம்பத் மெதுவாக மேலே வந்து, இடுப்பைச் சொறிந்தபடி, “மிச்சம் ஏதாச்சும் இருக்குங்களா சார்?” என்றார். கொடுத்தேன். டிக்கெட் பற்றி அவர் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அடுத்த சோதனை எனக்கு. மறு வாரமும் மெஷினை நிறுத்த வேண்டும் என்பதை பாயிடம் முதலிலேயே சொல்ல எல்லோரும் மறந்திருந்தோம். “நீங்க போய்ச் சொல்லுங்க” என்று டாக்டரம்மா பஸ் ஏறிவிட்டார். பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு சனிக்கிழமைங்களா? செத்துப்போச்சுன்னீங்களே சார்?”

“செத்துப்போச்சுங்க பாய். முட்டை இருக்குதுங்க. அது பொரிக்க ஒரு வாரம் போல ஆகும். பொரிச்சதும் அடிக்கோணும்.”

பாய் டீயைக் கீழே வைத்தார். “கரெக்டா ஒரு வாரத்துல டெலிவரி குடுக்குதுங்களா?”

“ஆமாங்க.”

“நம்ம சாயப்பட்டறைக்காரங்களைவிடத் தேவலைங்க” என்று பெருமூச்சு விட்டு, நிறுத்தச் சொன்னார்.

அதன்பிறகும் நிறையப் பேருக்கு அரிப்பு நிற்கவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி பூசத் தயாரானார்கள். டாக்டரம்மா லோஷனைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். “பூச்சி போயாச்சு. தோலு இன்னும் கொஞ்ச நாளைக்கு அதையே நெனச்சுட்டு அரிச்சுட்டுத்தான் இருக்கும். எண்ணெய் தடவுங்க, மாத்திரை போடுங்க, சும்மா இருங்க” என்றார். சும்மா இருப்பதுதான் மருந்துகளிலேயே கஷ்டமானது. அதற்கு டியூப் கிடையாது.

ரயில் வருவதற்கு இரண்டு நாள் முன்பு திலீப் வந்து கையை வைத்தான். கண்ணாடி ஒவ்வொரு இடுக்காக நகர்ந்தது. மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவதாக எனக்குத் தோன்றியது. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

“போய்ப் புள்ளையத் தூக்கு கண்ணு.”

அவன் கையைப் பார்த்தான். பழக்கத்தில் பின்னால் கட்டிக்கொண்டே வெளியே போனான்.

ஸ்டேஷனுக்கு என்னையும் வரச் சொன்னான். “அங்க வந்து ஒருக்கா பாத்துச் சொல்லீருங்க சார்.” நைட் ஷிப்டு முடித்துத் தூக்கத்தை விட்டுப் பாண்டியும் வந்தான், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு. ரயில் வழக்கம்போல் தாமதம். வந்து நின்றதும், போர்வை சுற்றிய குழந்தையோடு அவன் மனைவி இறங்கினாள், சின்னப் பெண். திலீப்பைப் பார்த்துச் சிரித்து, குழந்தையை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. கையை முதுகிலிருந்து எடுத்து, விரல் விரித்து, என் முன்னால் நீட்டினான்.

பூதக்கண்ணாடி என்னிடம் ஏது? சட்டைப்பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை, பிளாட்பாரத்தில் போகிறவர்கள் நின்று பார்க்க, ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தேன். நான் எந்த ஊர் ஜோசியன் என்று அந்தப் பெண் விழித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஏதோ ஆவி படிந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் டாக்டரம்மா பார்த்ததுதானே.

“தூக்குப்பா” என்றேன்.

தூக்கினான். முகத்துக்கு நேரே கொண்டுபோனான். மகள் அப்பனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், டாக்டரம்மா பார்ப்பது போலவே. பிறகு கையை நீட்டி, அவன் மூக்கைப் பிடித்து நன்றாக ஒரு பிராண்டு பிராண்டினாள்.

“எரியுதுங்க சார்” என்றான் திலீப், முகமெல்லாம் சிரிப்பாக.

இதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டேன்.